வரம்புக்குள் இருந்த காற்று: டீப்வாட்டர் ஹொரைசன் கசிவைச் சுத்தம் செய்தவர்களின் உடல்நலம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2010 மே 26 அன்று, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், கடலில் மிதந்த எண்ணெயை அகற்றும் வேலையில் இருந்த ஏழு மீனவர்கள் மாரெரோ என்ற ஊரின் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், நெஞ்சுவலி, மூச்சுவிடச் சிரமம் என்று ஏறக்குறைய ஒரே மாதிரியான தொந்தரவுகள். பிரெட்டன் சவுண்ட் பகுதியில் அதே வேலையில் இருந்த 125 படகுகளைக் கடலோரக் காவல் படை கரைக்குத் திருப்பி அழைத்துக்கொண்டது. எண்ணெய் ஆவிதான் காரணம் என்றார்கள் மீனவர்கள். வெயிலாக இருக்கும் என்றார்கள் சிலர். கசிந்துகொண்டிருந்த எண்ணெய்க் கிணற்றுக்குப் பொறுப்பான பிபி நிறுவனத்தின் அன்றைய தலைவர் டோனி ஹேவர்ட், இத்தனை பேர் தற்காலிக முகாம்களில் தங்கும் இடத்தில் உணவு நஞ்சாவது பெரிய பிரச்சினைதான் என்று தொலைக்காட்சியில் சொன்னார். கசிவு தொடங்கி ஐந்து வாரம் ஆகியிருந்தது.

எண்ணெய்க் கசிவு என்றால் கறுப்பு அப்பிய பறவைகளின் படம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அந்தக் கறுப்பைக் கையால் அள்ளியவர்களைப் பற்றிப் பேச்சு குறைவு. சுத்தம் செய்தவர்களின் உடல்நலம் மிக விரிவாக அளக்கப்பட்டு, ஆராயப்பட்டு, வழக்காடப்பட்ட கசிவு டீப்வாட்டர் ஹொரைசன்தான். அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன். இவ்வளவு நடந்தும், நோயுற்றவர்களில் மிகப் பெரும்பாலானவர்களால் இந்த வேலையால்தான் இந்த நோய் வந்தது என்று நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியவில்லை. அது எப்படி என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

கிணறும் கசிவும்

2010 ஏப்ரல் 20 இரவு, லூசியானா கரையிலிருந்து ஏறக்குறைய 66 கிலோமீட்டர் தொலைவில், மெக்சிகோ வளைகுடாவில் மக்கோண்டோ கிணற்றைத் தோண்டிக்கொண்டிருந்த டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். இரண்டு நாளில் மேடை மூழ்கியது. 1,500 மீட்டர் ஆழத்தில் திறந்துகொண்ட கிணற்றை 87 நாள் யாராலும் மூட முடியவில்லை. ஜூலை 15 அன்று மூடி பொருத்தினார்கள், செப்டம்பர் 19 அன்று நிரந்தரமாக அடைபட்டது. வெளியேறியது 49 லட்சம் பீப்பாய் என்பது அரசின் மதிப்பீடு. வழக்கு விசாரணைக்குப் பிறகு, கடலில் கலந்தது 31.9 லட்சம் பீப்பாய் என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

எண்ணெயை எதிர்கொண்ட வழிகள் நான்கு. மிதவைத் தடுப்புகளால் சுற்றி வளைத்து உறிஞ்சினார்கள். கடற்பரப்பிலேயே 411 தடவை தீ வைத்து எரித்தார்கள். எண்ணெயைச் சிறு துளிகளாகச் சிதறடிக்கும் கோரெக்ஸிட் என்ற ரசாயனத்தை 18 லட்சம் காலனுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 70 லட்சம் லிட்டர் பயன்படுத்தினார்கள். அதில் ஐந்தில் இரண்டு பங்கை ஆழத்தில் கிணற்று வாயிலேயே செலுத்தினார்கள். கரைக்கு வந்து சேர்ந்ததை மனிதர்கள் அள்ளினார்கள். உடலுக்கு நேர்ந்ததைப் புரிந்துகொள்ள இந்தப் பிரிவினை முக்கியம். எண்ணெய்க்குத் தீ வைத்த படகில் நின்றவர் சுவாசித்தது வேறு, கடற்கரையில் தார் உருண்டை பொறுக்கியவர் சுவாசித்தது வேறு. ‘எண்ணெய் அகற்றும் தொழிலாளி’ என்று ஒரே பெயரில் எல்லோரையும் அடக்கினால், யாருக்கு என்ன ஆனது என்பதே கலங்கிப்போகும்.

யார் இவர்கள்

ஜூன் தொடக்கத்தில் வளைகுடாவின் கூட்டரசு நீர்ப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மீன்பிடிக்கத் தடை வந்துவிட்டது. இறால் பருவம் அத்தோடு போயிற்று. படகுக் கடன், வீட்டுச் செலவு எதுவும் நிற்கவில்லை. அந்த நேரத்தில் பிபி நிறுவனம் மீனவர்களையும் அவர்களுடைய படகுகளையும் நாள் வாடகைக்கு எடுத்து, எண்ணெய் அகற்றும் வேலையில் இறக்கியது. ஆயிரக்கணக்கான படகுகள் இப்படிச் சேர்ந்தன. வளைகுடா இறால் படகுகளில் வியட்நாமிலிருந்து வந்து குடியேறியவர்கள் கணிசமாக இருந்தார்கள். பாதுகாப்புக் கையேடுகளை ஆங்கிலம், ஸ்பானியம், வியட்நாமியம் ஆகிய மூன்று மொழிகளிலும் அச்சிட வேண்டியிருந்தது. கரை வேலைக்கு வேலையில்லாத கூலிக்காரர்களும் வெளிமாநிலத்தவர்களும் வந்தார்கள். உச்சத்தில் ஒரே நாளில் 47,000 பேருக்கு மேல் களத்தில் இருந்தார்கள்.

நோய்க்குக் காரணமானதாகச் சொல்லப்பட்ட வேலையே குடும்பத்துக்குச் சோறு போட்ட ஒரே வேலையாகவும் இருந்தது. தலைவலி வந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்வதா, ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பதா என்பதை இந்த நிலைமைதான் தீர்மானிக்கும். மீனவர்களிடம் முதலில் நீட்டப்பட்ட ஒப்பந்தத்தில், அவர்களுடைய சட்ட உரிமைகளைக் கட்டுப்படுத்தும் பிரிவுகள் இருந்தன. மீனவர் சங்கத் தலைவர் ஒருவர் நீதிமன்றம் போனார், மே மாதத் தொடக்கத்திலேயே அந்தப் பிரிவுகள் நீக்கப்பட்டன. ஆனால் பயம் நீங்கியதாகச் சொல்ல முடியாது.

வேலையில் இருந்தவர்களின் பெயர்ப்பட்டியலைத் தொழிலாளர் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய ஆய்வு நிறுவனமான நையோஷ் தயாரித்தது. 55,000 பேருக்கு மேல் அதில் பதிந்தார்கள். பெரிய முயற்சிதான். ஆனால் சில வாரங்கள் வேலை நடந்த பிறகே அது தொடங்கியது, பதிவதும் அவரவர் விருப்பம். பாதுகாப்புப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர்கள் 1 லட்சத்துக்கும் மேல். அவர்களில் உண்மையில் யார் வேலைக்குப் போனார், எத்தனை நாள், எந்தப் படகில், என்ன வேலை என்பதற்கு முழுமையான ஒரே ஏடு எங்கும் இல்லை. வேலைக்கு இறங்கும் முன் அவர்களுடைய நுரையீரல் எப்படி இருந்தது, ரத்த அழுத்தம் எவ்வளவு என்ற குறிப்பும் இல்லை. பின்னால் வந்த சிக்கல்களில் பாதி இங்கே தொடங்கியது என்பது என் கணிப்பு.

எண்ணெய்க்குள் இருப்பவை

கச்சா எண்ணெய் ஆயிரக்கணக்கான பொருள்களின் கலவை. புதிதாக மேலே வந்த எண்ணெயிலிருந்து பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன், ஹெக்சேன் போன்ற லேசானவை முதல் ஓரிரு நாளிலேயே ஆவியாகிப் பறக்கும். தலைசுற்றல், குமட்டல், கண் எரிச்சல் எல்லாம் பெரும்பாலும் இவற்றின் வேலை. பென்சீன் நீண்ட காலத்தில் ரத்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்பது நிலைநாட்டப்பட்ட உண்மை. லேசானவை போன பிறகு மிஞ்சுவது கனமான, பிசுபிசுத்த பகுதி. பல வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் அதில் தங்கியிருக்கும். அவை தோல் வழியாக உடலில் ஏறும், சில வகைகள் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை. எரித்தால் வருவது இன்னொரு வகை: நுரையீரலின் அடி வரை போகக்கூடிய நுண்துகள் கலந்த கரும்புகை.

சிதறடிக்கும் ரசாயனத்தின் கதை சிக்கலானது. கோரெக்ஸிட் 9527 வகையில் 2-பியூட்டாக்ஸிஎத்தனால் உண்டு, அது கண்ணையும் மூச்சுப் பாதையையும் உறுத்தும். கையிருப்பில் இருந்த அளவுக்கு அதைப் பயன்படுத்திவிட்டு, அந்தப் பொருள் இல்லாத 9500 வகைக்கு மாறினார்கள். அதிகம் கொட்டப்பட்டது பின்னதுதான். ஆழத்தில் ரசாயனத்தைச் செலுத்தியதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, கிணற்றுக்கு நேர் மேலே கப்பல்களில் வேலை செய்தவர்களைக் காப்பது. எண்ணெய் சிறு துளிகளாகச் சிதறினால் மேலே வருவதற்குள் லேசான பொருள்கள் தண்ணீரிலேயே கரையும், மேற்பரப்புக் காற்றில் பென்சீன் குறையும். 2017-இல் வெளியான கணினி மாதிரி ஆய்வும், இந்தப் பலன் உண்மையாகவே கிடைத்தது என்றது. ஆக, ஒரு கூட்டத்துத் தொழிலாளர்களின் மூச்சைக் காத்த அதே பொருள், விமானத்திலிருந்தும் கப்பலிலிருந்தும் தெளிக்கப்பட்ட இடங்களில் இன்னொரு கூட்டத்தின் தொண்டையை எரித்தது. இதில் எளிய வில்லன் யாரும் இல்லை. அதனால்தான் யார் எங்கே நின்றார் என்ற பதிவு அவ்வளவு அவசியம்.

வெயில்

களத்தில் அன்றாடம் ஆட்களைச் சாய்த்தது வெயில். வளைகுடாவில் மே முதல் செப்டம்பர் வரை புழுக்கம் சேர்ந்த கடும் வெப்பம். அதில் உடல் முழுக்க மூடும் காற்றுப் புகாத உடை, ரப்பர் பூட்ஸ், கையுறை. வியர்வை ஆவியாக வழியில்லை. தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரிகள் வேலைக்கும் ஓய்வுக்கும் நேரம் பிரித்தார்கள். மிகக் கடுமையான வெயிலில் 20 நிமிட வேலைக்கு 40 நிமிட ஓய்வு என்ற அளவுக்குக்கூடப் போனது. வெளியே இருந்து பார்ப்பவருக்குச் சோம்பல் போலத் தெரியும் இந்த ஏற்பாடு பல உயிர்களைக் காத்தது என்றே நினைக்கிறேன்.

ஆனால் வெயிலால் இன்னொரு சிக்கலும் உண்டு. வெப்பத் தாக்கு தரும் தலைவலி, குமட்டல், தலைசுற்றல், களைப்பு அனைத்தையும் எண்ணெய் ஆவியும் தரும். முகாமில் இருக்கும் மருத்துவ உதவியாளர் ‘வெயில்’ என்று எழுதித் தண்ணீர் கொடுத்து அனுப்பினால் ரசாயனம் பற்றிய கேள்வி அங்கேயே முடிந்துவிடும். அவரைக் குறை சொல்ல முடியாது, அறிகுறியை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. ரத்தமோ சிறுநீரோ எடுத்துப் பார்த்தால்தான் உண்டு. அதைப் பொதுவான நடைமுறையாக யாரும் வைத்திருக்கவில்லை.

அளந்தார்கள், என்ன அளந்தார்கள்?

காற்றை அளக்கவே இல்லை என்று சொல்வது தவறு. தொழிலாளர்களின் சட்டையில் பொருத்திய சிறு கருவிகள் மூலம் முழு வேலை நேரத்துக்கான மாதிரிகள் ஏறக்குறைய 28,000 எடுக்கப்பட்டன. பெரும்பாலானவை பிபி நிறுவனத்தின் சார்பில் எடுக்கப்பட்டவை. அரசு அமைப்புகளும் தனியே அளந்தன. முடிவு ஏறக்குறைய ஒரே மாதிரி வந்தது: பெரும்பாலான அளவுகள் சட்ட வரம்புக்கு வெகு கீழே, பல மாதிரிகளில் கருவிக்கு எதுவும் தென்படவே இல்லை.

மருத்துவமனையில் சேர்ந்த ஏழு மீனவர்களையும் நையோஷ் விசாரித்தது. ஒற்றைக் காரணம் எதையும் அது சுட்டவில்லை. எண்ணெயின் வாடை, வெயில், களைப்பு எனப் பல சேர்ந்திருக்கலாம் என்றது. அவர்கள் நோயுற்ற அன்று அந்தப் படகுகளில் காற்றை அளந்த கருவி இருந்திருந்தால் பதில் வேறு மாதிரி இருந்திருக்குமா என்பதை இனி யாராலும் அறிய முடியாது. அன்று அளக்கவில்லை, அந்தக் காற்று போய்விட்டது.

‘வரம்புக்குள்’ என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். தொழிலிடக் காற்றுக்கான வரம்புகள் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள் வேலை செய்யும் தொழிற்சாலை ஊழியரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வேலை முடிந்தால் வீட்டுக்குப் போய்ச் சுத்தமான காற்றைச் சுவாசிப்பார் என்பது கணக்கு. இங்கே 12 மணி நேர வேலை, வாரம் முழுக்க, அப்புறம் பலருக்கு உறக்கமும் அதே படகில். அடுத்து, வரம்புகள் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி. கச்சா எண்ணெய் ஆவி, புகை, சிதறடிக்கும் ரசாயனம், வெயில் எல்லாம் ஒரே உடலில் ஒரே நேரத்தில் இறங்கும்போது பாதுகாப்பான அளவு எது என்று எந்த அட்டவணையும் சொல்வதில்லை. மூன்றாவதாக, நிபுணர்களுக்குள்ளேயே வரம்பு ஒன்றாக இல்லை. பென்சீனுக்கு அமெரிக்கச் சட்ட வரம்பு 10 லட்சத்தில் 1 பங்கு. நையோஷ் பரிந்துரைப்பதோ அதில் பத்தில் ஒரு பங்கு. எந்தக் கோட்டை வைத்து ‘உள்ளே’ என்கிறோம்?

இன்னொன்றும் பிற்பாடு தெரியவந்தது. ஆய்வகங்கள் ‘தென்படவில்லை’ என்று எழுதிய பல இடங்களில், கருவியால் அதற்குக் கீழும் படிக்க முடிந்தது. வரம்பை மீறியதா என்ற கேள்விக்கு அந்த நுட்பம் தேவைப்படாததால் உயர்ந்த ஓர் எல்லையோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆராய்ச்சியாளர்கள் ஆய்வகங்களின் மூலத் தரவுக்குத் திரும்பிப் போய் மறுபடி கணக்கிட்டபோது, ‘ஒன்றுமில்லை’ என்றிருந்த கட்டங்களில் எண்கள் வந்தன. சின்ன எண்கள்தான். ஆனால் யார் கூடச் சுவாசித்தார், யார் குறைவாகச் சுவாசித்தார் என்று பிரிக்க அவை போதுமானவையாக இருந்தன. அடுத்து வரும் முடிவுகள் பல இந்தப் பொறுமையான வேலையின் மேல் நிற்பவை.

சுவாசக் கவசம் பற்றிய சண்டை

அளவுகள் குறைவு என்பதால் கரையில் வேலை செய்தவர்களுக்கும் பெரும்பாலான படகுகளுக்கும் சுவாசக் கவசம் தேவையில்லை என்று அதிகாரிகள் முடிவெடுத்தார்கள். அவர்கள் பக்கத்து நியாயம் இது: கவசம் போட்டால் மூச்சிழுப்பது கடினமாகும், அந்த வெயிலில் உடல் வெப்பம் ஏறும், சரியாகப் பொருந்தாத கவசத்தால் பலனும் இல்லை. சுற்றுச்சூழல் அமைப்புகள் கவசங்களைத் தாங்களே வாங்கி மீனவர்களுக்குக் கொடுத்தன. அவற்றைப் போட்டால் வேலை போய்விடும் என்று மிரட்டப்பட்டதாக மீனவர்கள் பலர் குற்றம் சாட்டினார்கள்.

வெப்பம் பற்றிய கவலை உண்மையானது, நான் மறுக்கவில்லை. கிணற்றுக்கு அருகே நின்ற கப்பல்களுக்கும் எரிப்பு வேலைக்கும் தனி விதி, தார் உருண்டை பொறுக்குபவருக்குத் தனி விதி என்று வேலைக்கு ஏற்ப முடிவெடுப்பதும் சரியே. ஆனால் ஒருவர் தன் மூச்சைப் பற்றிப் பயந்து தானாகக் கவசம் கேட்கும்போது, அவருக்குப் பொருத்தமானதைக் கொடுத்து ஓய்வு நேரத்தைக் கூட்டியிருக்க வேண்டும். ‘எண்கள் சரியாக இருக்கின்றன’ என்று சொல்லித் திருப்பி அனுப்பும் அளவுக்கு அந்த எண்கள் உறுதியானவை அல்ல.

பின்னால் தெரியவந்தது

2011 முதல் 2013 வரை, சுற்றுச்சூழல் சுகாதாரத்துக்கான தேசிய நிறுவனம் 32,608 பேரைச் சேர்த்து ஒரு நீண்டகால ஆய்வைத் தொடங்கியது. கல்ஃப் ஆய்வு என்று அதற்குப் பெயர். எண்ணெய் அகற்றுபவர்கள் பற்றி உலகில் நடந்த ஆய்வுகளில் மிகப் பெரியது. பயிற்சி எடுத்தும் வேலைக்குப் போகாதவர்களை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரிடமும் எந்தப் படகு, எந்த மாதம், என்ன வேலை என்று கேட்டு, அதைக் காற்று அளவீடுகளோடு பொருத்தி, அவரவர் சுவாசித்த மொத்த ஹைட்ரோகார்பன் அளவைக் கணித்தார்கள். பெரும்பாலானோருக்கு அது 10 லட்சத்தில் சில பங்குகள் அல்லது அதற்கும் கீழே. ‘வரம்புக்குள்’ என்று யாரும் கவலைப்படாத அளவு.

அந்த அளவுக்குள்ளேயே வித்தியாசம் தெரிந்தது. வேலைக்குப் போன 1 முதல் 3 ஆண்டுக்குள், ஆஸ்துமா அல்லது ஆஸ்துமா போன்ற இரைப்பு இருப்பதாகச் சொன்னவர்கள் வேலைக்குப் போகாதவர்களைவிட 60 சதவீதம் அதிகம். ஹைட்ரோகார்பன் அளவு கூடக்கூட அதுவும் கூடியது. சிதறடிக்கும் ரசாயனத்தோடு பழகியவர்களிடம் இருமல், இரைப்பு, நெஞ்சு இறுக்கம், கண், மூக்கு, தொண்டை எரிச்சல் அதிகம். அதிக ஆவியைச் சுவாசித்தவர்களிடம் புதிதாக உயர் ரத்த அழுத்தம் கண்டறியப்படுவதும் அதிகமாக இருந்தது. மாரடைப்பும் அப்படியே. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், மிக அதிக அளவு சுவாசித்தவர்களுக்கு மாரடைப்பு அபாயம் மிகக் குறைந்த அளவினரைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. 180 நாளுக்கு மேல் வேலை செய்தவர்கள், வெயில் தாங்காமல் வேலையை நிறுத்த நேர்ந்தவர்கள் ஆகியோரிடமும் மாரடைப்பு கூடுதலாக இருந்தது. எண்ணெய் அள்ளும் வேலையை நுரையீரல் பிரச்சினையாக மட்டுமே பார்த்துவந்தவர்களுக்கு இதயம் பற்றிய இந்த முடிவு புதிது.

மனநலத்திலும் சேதம் இருந்தது. மனச்சோர்வும் அதிர்ச்சிக்குப் பிந்தைய உளைச்சலும் வேலை செய்தவர்களிடம் கூடுதல். இதில் எவ்வளவு ரசாயனத்தால், எவ்வளவு பிழைப்பு போனதால் என்று கத்தரித்துப் பிரிப்பது கடினம். கடலை நம்பிப் பிழைத்தவர், அந்தக் கடலைக் கறுப்பாகப் பார்த்துக்கொண்டு அதையே நாள் கூலிக்கு அள்ளும் நிலை மனதைப் பாதிக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

எல்லாச் செய்தியும் கெட்ட செய்தி அல்ல. நுரையீரலின் கொள்ளளவை ஊதிப் பார்த்த சோதனைகளில், வேலை செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் மொத்தத்தில் பெரிய வேறுபாடு இல்லை. எரிப்புப் புகை போன்றவற்றில் அதிகம் நின்றவர்களிடம் மட்டும் முதலில் குறைவு தெரிந்தது. 4 முதல் 6 ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்த வேறுபாடு நீடிக்கவில்லை. உடலுக்குத் தேறும் சக்தி உண்டு. இதைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். வேலை செய்த பலர் ஒவ்வொரு இருமலுக்கும் பயந்து வாழ்கிறார்கள், அவர்களுக்கு இந்த முடிவும் போய்ச் சேர வேண்டும்.

கடலோரக் காவல் படையிலும் தனி ஆய்வு நடந்தது. களத்துக்குப் போன 8,696 பேரையும் போகாத ஏறக்குறைய 45,000 பேரையும் சேர்த்துப் பார்த்தார்கள். இவர்கள் ராணுவ ஒழுங்கில் மருத்துவப் பதிவு உள்ளவர்கள். இங்கும் எண்ணெய் பட்டவர்களிடம் இருமல், மூச்சிரைப்பு, தலைவலி, தலைசுற்றல் அதிகம். எண்ணெயும் சிதறடிக்கும் ரசாயனமும் இரண்டும் பட்டவர்களிடம் இன்னும் அதிகம். வேறு ஆட்கள், வேறு ஆராய்ச்சியாளர்கள், ஆனால் முடிவு அதே திசையில் இருந்தது. இந்த ஒற்றுமைக்கு நான் அதிக மதிப்பு கொடுக்கிறேன்.

இதற்கு முன்னும் நடந்தது

1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் தரைதட்டியபோது ஏறக்குறைய 11,000 பேர் சுத்தம் செய்தார்கள். பலருக்கு வந்த விடாத சளி, இருமலுக்குத் தொழிலாளர்களே ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவர்களை நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்த்த முறையான ஆய்வு எதுவும் நடக்கவில்லை. 2002-இல் ஸ்பெயினின் கலீசியா கரையில் பிரெஸ்டீஜ் கப்பல் உடைந்தபோது நிலைமை மாறியது. அங்கே 6,000-க்கும் மேற்பட்ட மீனவர்களிடம் கேட்டறிந்ததில், எத்தனை நாள், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்களோ அதற்கேற்ப மூச்சுத் தொந்தரவு கூடியிருந்தது. இரண்டு ஆண்டு கழித்தும் சிலரின் வெளிமூச்சில் நுரையீரல் பாதிப்பின் அடையாளங்களும் ரத்த அணுக்களில் குரோமோசோம் சேதமும் காணப்பட்டன. 2007 டிசம்பரில் தென்கொரியாவின் தேயான் கரையில் ஹெபெய் ஸ்பிரிட் கசிவு. 10 லட்சத்துக்கு மேற்பட்ட தன்னார்வலர்கள் கரையைத் துடைத்தார்கள். அங்கே பலரிடம் சிறுநீர் மாதிரி எடுத்து, எண்ணெய்ப் பொருள்கள் உடலில் ஏறியதற்கான அடையாளத்தை ஆராய்ந்தார்கள்.

அதாவது 2010-இல் செய்ய வேண்டியது என்ன என்பதற்கு முன்மாதிரி கையில் இருந்தது. கொரியாவில் நடந்தது மூன்றே ஆண்டுக்கு முன்பு.

நீதிமன்றத்தில்

2013 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் கூட்டரசு நீதிமன்றம் பிபி நிறுவனத்துடனான ஒரு மருத்துவ இழப்பீட்டு ஒப்பந்தத்துக்கு அனுமதி கொடுத்தது. தற்காலிகத் தொந்தரவு இருந்ததாக உறுதிமொழி கொடுத்தவருக்கு 1,300 டாலர். நாட்பட்ட நோய்க்குச் சான்றுகளோடு வந்தவருக்கு அதிகபட்சமாக 60,700 டாலர். மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை என 21 ஆண்டுகளுக்கு மருத்துவப் பரிசோதனை. வளைகுடாப் பகுதியின் சுகாதார வசதிக்கு 10.5 கோடி டாலர். ஏறக்குறைய 22,800 பேருக்கு மொத்தம் 6.7 கோடி டாலர் போய்ச் சேர்ந்தது. அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்குக் கிடைத்தது 1,300 டாலருக்கு மேல் இல்லை.

ஒப்பந்தத்தில் இன்னொரு வாசல் இருந்தது. 2012 ஏப்ரல் 16-க்குப் பிறகு நோய் கண்டறியப்பட்டவர்கள் தனித்தனியே வழக்குத் தொடரலாம். கிட்டத்தட்ட 5,000 வழக்குகள் வந்தன, மிகப் பெரும்பாலானவை விசாரணைக்கே போகாமல் தள்ளுபடியாயின. நீதிமன்றம் கேட்டது இது: இந்த ரசாயனம், இந்த அளவில், இந்த நோயைத் தரும் என்பதற்கு நிபுணர் சான்று எங்கே? நீங்கள் அந்த அளவைச் சுவாசித்தீர்கள் என்பதற்கு ஆதாரம் எங்கே? சட்டத்தின் பார்வையில் நியாயமான கேள்விதான். தொழிலாளியிடம் பதில் இல்லை. அவர் உடம்பில் இருந்த ஆதாரம் எப்போதோ கரைந்துவிட்டது. பென்சீன் உடலில் சிதைந்து உண்டாகும் பொருள்கள் சில நாளில் சிறுநீரோடு வெளியேறிவிடும். வேலை முடிந்து ஆறு மாதம் கழித்து ரத்தம் எடுத்தால் 2010 ஜூனில் என்ன சுவாசித்தார் என்று அது சொல்லாது.

கல்ஃப் ஆய்வு போன்றவை ஒரு கூட்டத்தில் நோய் கூடியிருக்கிறது என்று காட்டும். இந்த ஒருவருக்கு வந்தது இதனால்தான் என்று அவற்றால் சொல்ல முடியாது. புகைபிடித்தவரா, முன்பே ஆஸ்துமா இருந்ததா, வேறு இடத்தில் ரசாயன வேலை செய்தாரா என்று எதிர்த்தரப்பு கேட்கும். வேலைக்கு முந்தைய மருத்துவக் குறிப்பு இருந்திருந்தால் அதில் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இருந்திருக்கும். இருக்கவேண்டிய நேரத்தில் இல்லாத ஆவணத்தின் விலையை, அதை எடுத்திருக்க வேண்டியவர்கள் கட்டவில்லை. நோயாளி கட்டுகிறார். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான்.

அடுத்த கசிவுக்கு

சில மாற்றங்கள் வந்தன. பேரிடரில் வேலை செய்பவர்களின் உடல்நலத்தை வேலைக்கு முன், வேலையின்போது, வேலைக்குப் பின் என மூன்று கட்டமாகக் கண்காணிக்கும் வழிமுறையை அமெரிக்க அமைப்புகள் 2012-இல் வெளியிட்டன. கோரெக்ஸிட் தயாரிப்பு 2022-இல் நின்றது. சிதறடிக்கும் ரசாயனங்களுக்கான விதிகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023-இல் திருத்தியது.

வழிமுறை காகிதத்தில் இருப்பது ஒன்று, நள்ளிரவில் கப்பல் உடைந்து மறுநாள் காலையில் ஆயிரம் பேரைக் கரையில் இறக்கும் அவசரத்தில் அதைச் செய்வது வேறு. அந்த அவசரத்திலும் செய்யக்கூடியவை உண்டு. கையுறை கொடுக்கும் மேசையிலேயே பெயர், வயது, முன்பிருந்த நோய்கள், புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பதிய ஐந்து நிமிடம் போதும். ஊதிப் பார்க்கும் சிறு கருவியால் நுரையீரலைச் சோதிக்க இன்னும் ஐந்து நிமிடம். புதிய எண்ணெய்க்கு அருகில் நிற்பவர்கள், எரிப்பவர்கள், ரசாயனம் தெளிப்பவர்கள் ஆகியோரில் ஒரு பகுதியினரிடமாவது வேலைக்கு முன்பும் வேலை முடிந்த மாலையும் சிறுநீர் எடுத்து உறையவைத்துவிடலாம், சோதனை பிறகு நடக்கட்டும். காற்று அளவீட்டைக் கசிவுக்குக் காரணமான நிறுவனத்தின் ஆட்களிடம் மட்டும் விடக் கூடாது. அவர்கள் பொய் சொல்வார்கள் என்பதற்காக இல்லை, உண்மையையே சொன்னாலும் கூலிக்காரர் நம்ப மாட்டார் என்பதற்காக. யாராவது மயங்கி விழுந்தால் அன்றைக்கே அதே இடத்துக் காற்றை அளக்க ஒரு குழு தயாராக இருக்க வேண்டும்.

தொழிலாளியின் மொழியில் எழுதிய ஒரு சீட்டும் வேண்டும். எந்தத் தேதி, எந்தப் படகு, என்ன வேலை, எத்தனை மணி நேரம், அன்று அங்கே அளந்த அளவு என்ன என்று நாள்தோறும் குறித்து, மேற்பார்வையாளர் கையெழுத்திட்டு, ஒரு படியை அவரிடமே கொடுத்துவிட வேண்டும். பென்சீன் தொடர்பான ரத்தப் புற்றுநோய் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகலாம். 2010-இல் 30 வயதில் எண்ணெய் அள்ளியவருக்கு இப்போது 45-ஐத் தாண்டிவிட்டது. இனி அவர் எந்த மருத்துவரைப் பார்த்தாலும் முதலில் கேட்கப்படப் போவது அந்தச் சீட்டில் இருந்திருக்க வேண்டிய விவரங்கள்தான். சிகிச்சைக்கும் சரி, வழக்குக்கும் சரி, அவை அவர் கையிலேயே இருக்க வேண்டும்.